ஒரு நிமிட மௌனமும் பதினாறாம் வாய்ப்பாடும்

முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அவர் வயது வராதவராயின் காப்பாளரின் இசைவில்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இந்திய அரசியலமைப்பு, பிரிவு இருபத்தெட்டு.

புதிதாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்கப் போகிறவர்கள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விதியை எழுதியவர்கள் பெரிய அறிவாளிகள். ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் காலை ஒன்பதே காலுக்கு எங்கள் பள்ளி முற்றத்தில் நின்றவரில்லை. நான் நின்றேன்.

கும்பகோணத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் பேருந்துச் சாலையில், வாய்க்கால் ஓரம் இருந்த அரசு உயர்நிலைப்பள்ளி அது. பத்தாம் வகுப்புவரை உண்டு. ஊரில் பாதி வேளாண்மைக் குடும்பங்கள், பாதி பள்ளிவாசல் தெருக் குடும்பங்கள். இரண்டிலும் வேலை செய்யும் வயதுள்ள ஆண்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். பெற்றோர் கூட்டம் போட்டால் தாய்மார்களும் தாத்தாக்களும் வருவார்கள். தகப்பன்மார் கடல் தாண்டி இருந்துகொண்டு அங்கிருந்தே கருத்துச் சொல்வார்கள்.

எங்கள் காலைக் கூட்டத்தில் அரசு சொன்னவை எல்லாம் நடந்தன: மொழி வாழ்த்து, உறுதிமொழி, செய்தி வாசிப்பு, நாட்டுப்பண். அரசு சொல்லாத ஒன்றும் நடந்தது. எனக்கு முந்தைய காலத்தில் இருந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், வாய்க்கால் மதகோரம் அமர்ந்திருக்கும் மதகடிப் பிள்ளையார்மீது ஒரு பாட்டுக் கட்டி, தாமே மெட்டும் போட்டிருந்தார். முதல் பத்தியில் தண்ணீர் கேட்கும், இரண்டாம் பத்தியில் மதிப்பெண் கேட்கும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கைகூப்பி, தொண்டை கிழியப் பாடுவார்கள். மெட்டு அப்படி. நான் வந்தபோதே அது நடந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டாம் பிரிவை நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் கிளறவில்லை.

கிளறியது ஒலிபெருக்கி. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கோவிந்தராசு ஊரில் பெரிய நிலக்காரர். அவருடைய மகன் துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது பள்ளிக்கு ஒரு மைக் செட் வாங்கிக் கொடுத்தான். அதுவரை முற்றத்தோடு நின்ற பாட்டு அன்றுமுதல் பேருந்து நிறுத்தம்வரை போனது. அவன் துபாய் திரும்பியதும், தான் தங்கியிருந்த அறையில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் பத்தாம் வகுப்பு ஷமீமாவின் தகப்பனார்.

அடுத்த மாதமே ஷமீமாவின் தாயார் ஜொஹரா, டேப்ரிக்கார்டரைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். அந்தக் காலத்தில் வளைகுடாக் குடும்பங்கள் பலவற்றில் கடிதத்துக்குப் பதில் காசெட் வரும். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். உடல்நலம், வீட்டுக்கூரை, மூத்த மகனின் பாஸ்போர்ட் எல்லாம் ஒழுங்காக விசாரித்த குரல் பிறகு ஷமீமாவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட வைக்கிறார்களாம், அது நமக்குச் சரிப்படாது, டி.சி. வாங்கிவிடு.

என் பணிக்காலத்தில் வந்த மனுக்களில் இருமல் சத்தத்தோடு வந்தது அது ஒன்றுதான். அதன்மேல் தேதி முத்திரை குத்த வழியில்லை.

"டி.சி. வாங்கி எங்கம்மா சேர்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"எங்க சேக்குறது? கும்பகோணத்துக்குப் பஸ்ல வயசுப் புள்ளைய இப்பவே யாரு அனுப்புறா? வூட்லதான் இருப்பா."

கதவோரம் நின்ற ஷமீமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலேயே கணக்கில் முதலாவது அவள்தான். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது டி.சி. கொடுத்தால் அவள் படிப்பு அன்றோடு முடிந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும்.

"நான் கை கூப்பாம நின்னுக்கறேன்மா," என்றாள்.

"அத நீ ஒங்க அத்தாகிட்ட சொல்லு," என்றார் ஜொஹரா. கோபமாகச் சொல்லவில்லை. முதல்நாள் வீட்டில் அழுது முடித்திருந்தார்கள் என்பது இருவர் கண்ணிலும் தெரிந்தது.

இங்கே ஒரு பாடம். விதிமுறை என்பது பிறரை அலைக்கழிக்கப் பயன்படும் பொருள் என்று மக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலும் சரியாகவே நம்புகிறார்கள். அதே பொருளை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம். டி.சி. வேண்டுமென்றால் சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட காப்பாளரே எழுத்தில் கேட்க வேண்டும், அந்தப் பதிவேட்டில் இருப்பது தகப்பனாரின் கையெழுத்து, காசெட்டில் கையெழுத்து இல்லை என்று ஜொஹராவிடம் மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தேன். துபாய்க்குச் சொல்லியனுப்பி, அங்கிருந்து தாள் வந்து சேர எப்படியும் சில வாரம். அதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும். ஷமீமா தலை நிமிர்ந்தாள். ஜொஹரா டேப்ரிக்கார்டரைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப எழுதி அனுப்பச் சொல்றேன் டீச்சர்," என்றார். அதை அவர் சற்று மெதுவாகவே சொன்னதாக எனக்குப் பட்டது.

செய்ய வேண்டியது எளிது, பாட்டை நிறுத்துவது. விதி என் பக்கம். அதனால்தான் யோசித்தேன். விதி நம் பக்கம் இருக்கும்போது ஊர் எதிர்ப்பக்கம் இருக்கும். நான் உத்தரவு போட்டுப் பாட்டை நிறுத்தினால், அது ஒரு பெண்பிள்ளைக்காக நிறுத்திய பாட்டு ஆகிவிடும். பிறகு அவள் அந்தப் பள்ளிக்குள் எந்த முகத்தோடு நடப்பாள்?

கூட்டம் போட்டேன். கோவிந்தராசு வெள்ளை வேட்டியில் வந்து, அது பக்திப் பாட்டே இல்லை, ஊர்ப் பாட்டு என்றார். பிள்ளையாரிடம் தண்ணீர் கேட்பது பக்தியில் வராதா என்று தமிழையா கேட்டார். தமிழையா எங்கள் பள்ளியின் கருஞ்சட்டைக்காரர்; மாலைகளில் பொதுக்கூட்டத் தலைமை, காலைகளில் இலக்கணம். பள்ளியில் நல்ல குரல் அவருக்கு மட்டுமே இருந்ததால், கடவுள் இல்லை என்ற அவர்தான் தினமும் மைக்கில் "அடுத்து இறைவணக்கம்" என்று அறிவிப்பார். இந்த முரண்பாடு பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் பதில் சொல்வார்.

கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். பாட்டு வேண்டாம், அந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனம். அவரவர் மனத்தில் அவரவருக்கு வேண்டியதை நினைத்துக்கொள்ளட்டும், நினைக்க ஒன்றுமில்லாதவர்கள் சும்மா நிற்கட்டும். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். உடனே ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் மௌனத்தில் பிள்ளையாரைத்தான் நினைப்பார்கள் என்று கோவிந்தராசு நினைத்தார். மௌனத்தில் பிள்ளையார் மறந்துபோவார் என்று தமிழையா நினைத்தார். ஆளுக்கொரு லாபக் கணக்கோடு கலைந்தார்கள்.

பாதுகாப்புக்காக, பள்ளிக் கூட்டத்தில் மௌனம் கடைப்பிடிக்கலாமா என்று தெளிவுரை கேட்டு, மாணவி டி.சி. கேட்கும் விவரத்தையும் சேர்த்து, முறையான வழியில் மேலிடத்துக்கு எழுதினேன். நான் இளநிலையில் இருந்தபோது என் மேலதிகாரி ஒருவர் சொல்வார்: "மேலே கேக்காத. கேட்டா பதில் வரும். வந்தா அதன்படி நடக்கணும்." அவர் சொன்னது சரி என்று தெரிந்தே எழுதினேன். கோப்பில் ஒரு நகல் இருப்பது குடை வைத்திருப்பது போல. மழை பெய்யாவிட்டாலும் கை சும்மா இருக்காது.

மௌனத்தைத் தொடங்குவதாகக் குறித்திருந்த திங்கட்கிழமை காலையில் ஜொஹரா வந்தார். இம்முறை கையில் தாள். தகப்பனார் கையெழுத்து, பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போனது. சுழியில்கூட வித்தியாசம் இல்லை. என் கைவசம் இருந்த விதிகள் தீர்ந்துபோயின.

"இன்னைக்குக் கூட்டம் எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு இதைக் கொடுங்கம்மா," என்றேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டே தாழ்வாரத்தில் நின்றார்.

நன்றாகத்தான் நடந்தது. அதுதான் வினை. உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதியதும் பள்ளி முழுவதும் அசையாமல் நின்றது. தமிழையா மைக்கை எடுத்தார். பொதுக்கூட்டத்தில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய குரல் அது. தாழ்ந்து, கனத்து, கடைசிச் சொல்லில் லேசாகத் தழுதழுத்து, "அனைவரும் ஒரு நிமிடம் மௌனம் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்," என்றது. பிள்ளைகள் தாமாகவே தலையைக் குனிந்துகொண்டார்கள். நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு, மௌனம் என்றால் குனிய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிடம் முடிந்ததும் தமிழையா, "நன்றி, அனைவரும் அமரலாம்," என்றார். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஷமீமா வரிசையில் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். ஜொஹரா என்னைப் பார்த்து, "இது பரவால்லைங்க டீச்சர்," என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. அவரைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். காபி வரவில்லை. காபிக்குப் போன ஆள் திரும்பி வந்து, டீக்கடை சாத்திவிட்டதாகச் சொன்னார்.

நடந்தது இதுதான். மௌனம் என்று மைக்கில் கேட்டதும் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலேயே அஞ்சலி செலுத்துகிறார்கள் என்றால் போனவர் சாதாரண ஆளில்லை. தலைவர் இறந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று நம் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும்: கடை அடைப்பு, கல்வீச்சு, நிற்கும் பேருந்துகள். ஆகவே டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார், பக்கத்து மளிகைக்கடைக்காரர் அவரைப் பார்த்து இறக்கினார். அந்த நேரத்தில் கும்பகோணத்துக்குப் புறப்பட்ட தனியார் பேருந்தின் நடத்துநர் செய்தியையும் ஏற்றிக்கொண்டு போனார்.

யார் இறந்தார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடிக்காத தலைவரைச் சொன்னார்கள்.

தமிழையாவை எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பி, கும்பகோணத்தில் யாரிடமாவது கேட்டு வரச் சொன்னேன். நெடுநேரம் வரிசையில் நின்று பேசிவிட்டு, முகம் வெளுத்து வந்தார்.

"உண்மைதான் போலிருக்கு மேடம். அங்கயும் கடைய சாத்துறாங்களாம்."

"நம்ம பஸ் போய்ச் சேந்திருக்கு, ஐயா," என்றேன்.

அதற்குள் வாசலில் கூட்டம். தாய்மார்களும் தாத்தாக்களும் சைக்கிளோடும் மொபெட்டோடும் நின்றார்கள். பஸ் நிற்பதற்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டுமாம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோவிந்தராசு வந்தார். முழங்கால்வரை சேறு. அன்றுதான் அவர் வயலில் சம்பா நடவு. நடவுப் பெண்கள் பாதியில் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்று முடிகள் வரப்பில் வெயிலில் கிடந்தன.

"யாரும்மா செத்தது?" என்றார்.

"யாரும் சாகலை."

"அப்பறம் எதுக்கு அஞ்சலி?"

"அஞ்சலி இல்லைங்க. நீங்க ஒத்துக்கிட்ட மௌனம்."

அவர் சேற்றுக் காலைப் படியில் உதறினார். பிறகு, "நல்லாருந்த பாட்ட நிறுத்திப்புட்டு, ஊரையே எழவு வூடா ஆக்கிட்டீங்களே," என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தில் என் இருக்கையில் உங்களை உட்காரவைத்துப் பாருங்கள். பிள்ளைகளை அனுப்பினால் பள்ளியே விடுமுறை விட்டுவிட்டது, சாவு உறுதி என்று ஊர் முடிவுகட்டும். அனுப்பாவிட்டால் வாசலில் கூட்டம் பெருகும். அதில் ஒருவர் கல்லை எடுத்தால் போதும். முன் அனுமதியின்றிப் பள்ளியை விடக்கூடாது என்பது விதி. எதிர் பூத்திலிருந்து கூப்பிட்டால், அனுமதி தர வேண்டியவரின் தொலைபேசியோ அடித்துக்கொண்டே இருந்தது. அவரும் கடை சாத்துவதற்குள் வீட்டுச் சாமான் வாங்கப் போயிருக்கலாம்.

முதலில், அறிவுள்ளவர்கள் செய்வதைச் செய்தேன். மைக்கில் நானே, "யாரும் இறக்கவில்லை, வதந்தியை நம்ப வேண்டாம்," என்று அறிவித்தேன். அதுவரை பாதிப் பேர்தான் நம்பியிருந்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு மீதிப் பேரும் நம்பினார்கள். வாசலில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கியது எனக்கே கேட்டது: "மொதல்ல இல்லம்பாங்க. போலீசு வந்து நின்னப்பறம்தான் ஆமாம்பாங்க."

மறுத்துப் பயனில்லை என்று அப்போது புரிந்தது. துக்க நாளில் நடக்கவே முடியாத ஏதாவது ஒன்று, அதே மைக்கில், காதால் கேட்கும்படி நடக்க வேண்டும். "பிள்ளையார் பாட்டப் போடச் சொல்லுங்க, எல்லாம் சரியாப் போயிடும்," என்றார் கோவிந்தராசு. உண்மைதான், சரியாகப் போயிருக்கும். ஜொஹரா தாளோடு இரண்டடி தள்ளி நின்றார். பாட்டு ஒலித்தால் அந்தத் தாள் என் மேசைக்கு வந்துவிடும்.

தாய் பக்கத்தில் ஷமீமா நின்றாள். அவளையும் யாரோ வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள்.

"பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா?" என்றேன்.

"பத்தொம்பது வரைக்கும் தெரியும் டீச்சர்."

"மைக்ல சொல்லு. சத்தமா. வகுப்புல சொல்ற மாதிரி ராகம் போட்டு."

அவள் தாயைப் பார்த்தாள். ஜொஹரா என்னைப் பார்த்தார். வாய்ப்பாட்டில் எந்தச் சாமியும் இல்லை என்று இருவருமே ஒரே நேரத்தில் கண்டுகொண்டது போலிருந்தது. "சொல்லு," என்றார்.

ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு என்று அவள் தொடங்கியபோது குரல் நடுங்கியது. ஐந்தாம் அடியில் நடுக்கம் போயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாகப் பின்பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். பதினாறு முடிந்ததும் அவளாகவே பதினேழுக்குப் போனாள். உலகத்தில் எந்தத் தலைவருக்கும் வாய்ப்பாடு சொல்லி அஞ்சலி செலுத்தியதில்லை. வாசலில் முதலில் ஒருவர் சிரித்தார். பின்பாட்டுக்காரர்கள் ஏழு பதினேழு நூற்றுப் பதினாறு என்று கத்த, பேருந்து நிறுத்தத்திலிருந்து யாரோ, "நூத்திப் பத்தொம்போதுடா, மடப்பயலுவளா," என்று திருத்தினார். அவ்வளவுதான். டீக்கடை ஷட்டர் ஏறும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பத்தொன்பது முடியும்போது வாசலில் இரண்டு மொபெட்டுகள் மட்டும் நின்றன. அந்தத் தாத்தாக்கள் வாய்ப்பாடு கேட்க நின்றவர்கள்.

கும்பகோணத்தில் கடைகள் திறக்கச் சற்று நேரமாயிற்றாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆபத்து தீர்ந்தது, பிரச்சினை தீரவில்லை. என் அறையில் கோவிந்தராசு, ஜொஹரா, தமிழையா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மௌனம் செத்தது, அதற்கு மட்டும்தான் அன்று அஞ்சலி செலுத்தியிருக்கலாம். நாளை ஒன்பதே காலுக்கு என்ன என்பதுதான் கேள்வி. "பாட்டுத்தான்," என்றார் கோவிந்தராசு. தமிழையா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஜொஹரா பேச நினைத்தது தெரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க மாமா," என்றார் அவர் கோவிந்தராசுவிடம். தெரு வேறானாலும் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்தப் பாட்டு யாருக்கு?"

"மதகடிப் பிள்ளையாருக்கு."

"அவரு மதகுலல்ல இருக்காரு. இங்க நின்னு பாடினா?"

"மைக் செட்டு இருக்குல்ல, கேக்கும்."

"எதுக்கு மைக்கு? பத்தடி தள்ளி அங்கயே போயிப் பாடினா நேராவே கேக்குமே. மணி அடிக்கிறதுக்கு முன்னாடி பாடிட்டு வரட்டும். எங்க வூட்டுப் புள்ள மணி அடிச்சதும் வருவா."

கோவிந்தராசு தாடையைச் சொறிந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே மணி அடிக்கும்போதுதான், முன்கூட்டி யார் வருவார்கள் என்றார்.

"அப்ப பக்தி ஒம்பதே காலுக்கு மேலதான் வரும் போல," என்றார் தமிழையா கூரையைப் பார்த்தபடி.

"யோவ், நான் வர்றேன்யா. தெனமும் நான் வந்து நிக்கிறேன். நீ வேணும்னா வந்து எண்ணிக்க."

அந்த வாக்கியத்தை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். மதகு பள்ளி வளாகத்துக்கு வெளியே பொதுப்பணித்துறை நிலத்தில் இருந்தது. அங்கே மணிக்கு முன் யார் என்ன பாடினாலும் அது என் கோப்பில் வராது. கூட்டத்தில் அரசு சொன்னவை மட்டும் நடக்கும். யாரும் யாருக்காகவும் எதையும் நிறுத்தவில்லை. ஒரு பாட்டு அதற்குரியவரிடம் குடிபெயர்ந்தது. இருபத்தெட்டாம் பிரிவும் காயப்படவில்லை, கோவிந்தராசுவும் காயப்படவில்லை. இரண்டில் எது கடினம் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும்.

ஜொஹரா எழுந்தார். மேசை ஓரத்தில் வைத்திருந்த தாளை எடுத்து மடித்தார்.

"இதுக்கு நம்பர் போட்டுடலியே டீச்சர்?"

"நீங்க இன்னும் கொடுக்கவே இல்லையேம்மா."

"அப்ப சரி. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

எளிதாகச் சொன்னார். எளிதில்லை என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து கணவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை, தன் பொறுப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வது அன்றைக்கு அந்தத் தெருவில் சின்ன விஷயமில்லை. அதே காசெட்டின் மறுபக்கத்தில் நடந்ததையெல்லாம் அவர் பேசிப் பதிந்தார். நானும் இரண்டு நிமிடம் பேசினேன், அலுவலக நடையில். கடைசியில் ஷமீமா பதினாறாம் வாய்ப்பாடு சொன்னாள். ஊருக்கு வந்திருந்த ஒருவர் திரும்பிப் போகும்போது அதை எடுத்துப் போனார்.

அடுத்த காசெட் வரும்வரை ஷமீமா பெயரைப் பொதுத்தேர்வுப் பட்டியலில் வைத்திருந்தேன். வைத்திருக்க எனக்கு அதிகாரம் உண்டு. எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தினமும் காலையில் அவள் வரிசையில் நிற்கிறாளா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கொடியைப் பார்ப்பேன். ஒருநாள் ஜொஹரா மறுபடி துணிப்பையோடு வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் தெரியவில்லை. பொத்தானை அழுத்தினார். உடல்நலம், கூரை, பாஸ்போர்ட். பிறகு ஷமீமா.

"ரூம்ல எல்லாரும் கேட்டோம். கோவிந்தராசு மவனும் கேட்டான். ஒம்பது பதினாறுல வண்டிச் சத்தம் வந்து சரியா கேக்கல. இன்னொரு தடவை நிதானமாப் பதிஞ்சு அனுப்பு. பரீச்சைக்கு நல்லாப் படிக்கட்டும்."

பிள்ளையாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. டி.சி. பற்றியும் இல்லை. ஜொஹரா பொத்தானை அணைத்துவிட்டு முந்தானையால் டேப்ரிக்கார்டரைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

மதகடிக்கு முதல் வாரம் பெருங்கூட்டம். அடுத்த வாரம் பாதி. மார்கழியில் குளிர் என்றும், தையில் பொங்கல் என்றும், பிறகு பரீட்சை என்றும் கூட்டம் கரைந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லாமலே, சீக்கிரம் எழ வேண்டியிருந்ததால் நின்றுபோன வழிபாடுகளின் கணக்கை யாராவது எடுத்தால் சுவையாக இருக்கும். ஆனால் கோவிந்தராசு மட்டும் ஒருநாள் தவறவில்லை. சில காலைகளில் தனியாகவே, தாளம் தப்பி, முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் வயலுக்குப் போவார். கிண்டல் செய்யப் போன தமிழையா, துணைக்கு நின்றுவிட்டு வந்ததாக ஒருநாள் சொன்னார். பாடவில்லையாம், குடை மட்டும் பிடித்தாராம்.

ஷமீமா தேர்ச்சி பெற்றாள். கணக்கில் எங்கள் பள்ளி அதற்கு முன் கண்டிராத மதிப்பெண். பதினொன்றாம் வகுப்புக்குக் கும்பகோணத்துப் பெண்கள் மேல்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் வயதுப் பிள்ளையை யார் அனுப்புவது என்ற பழைய கேள்வியை ஜொஹரா எழுப்பவில்லை. கோவிந்தராசுவின் பேத்தியும் அதே பள்ளியில் சேருகிறாள், இருவரும் ஒன்றாகப் போய் வருவார்கள் என்று முடிவாகியிருந்தது. டி.சி. வாங்கத் தாயும் மகளும் வந்தார்கள். என் பணிக்காலத்தில் நான் எத்தனையோ டி.சி.களில் கையெழுத்திட்டிருக்கிறேன், பேனாவை உதறி, மை சரியாக இறங்குகிறதா என்று வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டது அந்த ஒன்றில்தான்.

அவர்கள் படியிறங்கும்போது தபால்காரர் படியேறினார். மேலிடத்தின் தெளிவுரை. மௌனம் கடைப்பிடிப்பது குறித்து, நடைமுறையிலுள்ள விதிகளுக்கு உட்பட்டுத் தலைமையாசிரியரே தக்க முடிவெடுக்கலாம். மேலும், மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குவதில் இனியும் தாமதம் கூடாது. வழங்கிய விவரத்தைத் திரும்பும் தபாலில் தெரிவிக்க வேண்டும். வழங்கிவிட்டேன் என்று உடனே எழுதினேன். மை இன்னும் காயவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளில் அந்த ஆண்டு தண்ணீர் திறக்கவில்லை. மேலிடத்துப் பதில் மட்டும் அதே நாளில் வந்தது. ஜூன் பன்னிரண்டு.